வைனில் ஒரு பீய்ச்சு சோடா

மகள் சாப்பிட வருகிறாள் என்பதற்காக எந்தத் தகப்பனாவது பன்னிரண்டு புட்டி வைன் திறப்பானா? எவரிஸ்தோ லுசேரோ திறந்தார். திங்கட்கிழமை ஆரம்பித்துச் சனிக்கிழமைக்குள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் குடிப்பார், ஒரு கடி சாக்லேட் தின்பார், முகத்தைச் சுளிப்பார், நோட்டில் ஏதோ கிறுக்குவார், மிச்சத்துக்குக் கார்க் போட்டு ஓரமாக வைப்பார். சன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்கள் ஆள் குடியில் விழுந்துவிட்டார் என்றே நினைத்தார்கள்.

மெண்டோசாவின் பெரிய ஹோட்டல் ஒன்றில், எந்தச் சாப்பாட்டுக்கு எந்த வைன் என்று சொல்வதே முப்பத்தெட்டு வருடம் அவருக்கு உத்தியோகம். அவர் சொன்னால் சொன்னதுதான். மந்திரி வந்தாலும் சரி, புதுமாப்பிள்ளை வந்தாலும் சரி, அவர் நீட்டுகிற புட்டியைத்தான் குடிக்க வேண்டும். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. அதே வருடம் மனைவி சுலேமாவும் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் அவர் எதைச் சொன்னாலும் கேட்க அந்த வீட்டில் நாற்காலிகள்தான் இருந்தன.

மகள் ரோசௌரா தெற்கே பரிலோச்சேயில் சாக்லேட் செய்கிறவள். அடக்கத்துக்கு வந்தவள்தான், அப்புறம் வாசல் மிதிக்கவில்லை. போன வாரம் திடீரென்று போனில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்.

"அப்பா, சொந்தமா கடை போடப் போறேன். இங்கயா, மெண்டோசாவுலயான்னு இன்னும் முடிவு பண்ணல. ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட வர்றேன். நாலரைக்கு பஸ். மனசுக்கு ஒத்துப்போச்சுன்னா டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிக்கலாம். முன்னறை காலியாத்தானே இருக்கு? சாக்லேட் நான் கொண்டு வர்றேன். அதுல ஒண்ணு புதுசு. எதோட சேரும்னு நீங்க கண்டுபிடிங்க பார்ப்போம்."

அவர் அதை எத்தனை முறை படித்தார் என்று கேட்காதீர்கள். முன்னறை என்ற வார்த்தை வந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றார். அன்றைக்கே முன்னறையைக் கூட்டி, மெத்தையை வெயிலில் போட்டு, சன்னல் திரையைத் துவைத்தார். ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. சின்ன வயதிலிருந்து "ஏய் கிழவா, நீ" என்று தோளில் தொங்கிக்கொண்டு பேசியவள். இப்போது அப்பாவாம், நீங்களாம். மரியாதை இவ்வளவு தூரத்தில் வைக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

அந்தத் தூரம் எங்கே ஆரம்பித்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு ஹோட்டல் முதலாளியும் திராட்சைத் தோட்டக்காரர் இரண்டு பேரும் விருந்துக்கு வந்திருந்தார்கள். பதினைந்து வருடம் காத்து வைத்த மால்பெக் சிவப்பு வைன் ஒன்றை எவரிஸ்தோ திறந்து, ஏதோ பூஜை செய்கிறவர் மாதிரி எல்லோருக்கும் ஊற்றினார். சுலேமா வழக்கப்படி மேசையடியிலிருந்து சோடா பாட்டிலை எடுத்து, பிடியை அழுத்தி, தன் கோப்பையில் ஒரு பீய்ச்சு அடித்துக்கொண்டாள். அவள் அப்பா அப்படித்தான் குடித்தார், அந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் குடிக்கிறார்கள். எவரிஸ்தோ எழுந்தார். அவள் கையிலிருந்த கோப்பையை வாங்கினார். நேரே போய்க் கழுவுதொட்டியில் கொட்டினார். "மன்னிச்சுக்கோங்க, என் வீட்டுக்காரிக்கு நாக்கு செத்துப்போச்சு" என்றார். ரோசௌராவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். சுலேமாவும் சிரித்தாள், பாவம். அதற்கப்புறம் விருந்தாளி வந்தால் அவள் மேசையில் உட்கார்ந்ததே இல்லை. சமையலறையில் நின்றபடி, சாதா வைனில் சோடா அடித்துக் குடித்துக்கொள்வாள். ரோசௌராவும் அவளோடு போய் நின்றுகொள்வாள்.

வியாழக்கிழமை சோடா வண்டி வந்தது. வாசலோர வாய்க்கால் மேல் போட்ட பலகை தடதடக்க சோடாக்காரன் போச்சோ இறங்கினான். ஐம்பது வயது, வாய் மட்டும் இருபது; ஆனாலும் பெரியவர்களை மரியாதையாகத் 'தோன்' போட்டுத்தான் கூப்பிடுவான்.

"தோன் எவரிஸ்தோ! இன்னைக்காவது ஒரு பெட்டி இறக்கட்டுமா? ரெண்டு வருஷமா உங்க வீட்டு வாசல்ல சும்மாவே பிரேக் போடுறேன்."

"வேணாம்ப்பா."

"சோடா இல்லாத வீடும் ஒரு வீடா? சுலேமாம்மா இருந்தப்ப வாரத்துக்கு ஆறு பாட்டில். அடக்கம் முடிஞ்ச மறு வியாழக்கிழமையே பெட்டியைத் திருப்பிக் குடுத்திட்டீங்க. என் பொண்டாட்டி இன்னும் அதைச் சொல்லித் திட்டுறா."

"உன் பொண்டாட்டிக்கு வேற வேலை இல்லையா?"

"என்னைக் கட்டிக்கிட்டவளுக்கு வேற வேலை எங்க இருக்கும்?" என்று சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினான். "யாரோ வர்றாப்ல தெரியுது. திரையெல்லாம் துவைச்சிருக்கீங்க."

"என் மக வர்றா" என்றார். தேவைக்கு மேல் உரக்கவே சொல்லிவிட்டார். அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் மூன்று வைன் முடிவானது. இறைச்சியும் ஆலிவும் அடைத்துச் சுட்ட எம்பனாதாவுக்குக் குளிர்ந்த டொரொன்டெஸ், பூ வாசம் அடிக்கும் வெள்ளை. சுட்ட வெள்ளாட்டுக் குட்டிக்கு அந்தப் பழைய மால்பெக், அவரிடம் கடைசியாக இருந்த ஒரே புட்டி. சாக்லேட்டுக்குத் தித்திப்பான, கெட்டியான ஒரு சிவப்பு. சாக்லேட்டை விட வைன் தித்திப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றை ஒன்று கசக்க அடித்துவிடும் என்று ஹோட்டலில் ஆயிரம் பேருக்குச் சொன்னவர் ஆயிற்றே.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு ரோசௌரா வந்தாள். முப்பத்து நான்கு வயது, அம்மாவின் நெற்றி. கன்னத்தோடு கன்னம் வைத்து ஒரு முத்தம் கொடுத்தாள். முன்னறைக் கதவு திறந்திருந்ததைப் பார்த்தாள். பையைக் கொண்டுபோய் அந்த அறைக்குள்தான் வைத்தாள். எவரிஸ்தோவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சாப்பாடு நன்றாகவே போனது. எம்பனாதாவைக் கடித்து, டொரொன்டெஸை உறிஞ்சி, "அட, நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஆலிவ் கொட்டையைத் தட்டின் ஓரத்தில் அம்மா மாதிரியே வரிசையாக அடுக்கினாள். மெண்டோசாவில் வாடகை எப்படி, நடு ஊர்ப் பிளாசா பக்கம் கடை கிடைக்குமா என்று கேட்டாள். அவர் வாய் ஓயாமல் பதில் சொன்னார். இரண்டு வருடப் பேச்சு உள்ளே தேங்கிக் கிடந்ததல்லவா, மடை திறந்துகொண்டது. ஆட்டுக்கறிக்கு மால்பெக் திறந்தார். அவள் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கோப்பையையே பார்த்தாள். அதே வைன் என்று தெரிந்துகொண்டாளோ என்னவோ.

அப்புறம் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தாள். ஆறு சாக்லேட். ஐந்து ஒரே மாதிரி. ஆறாவது சதுரமாக, மேலே நான்கைந்து உப்புக்கல்லோடு இருந்தது.

"இதுதான் புதுசு. கண்டுபிடிங்க."

அவர் பாதியைக் கடித்தார். வறுத்த கடலை, ஆரஞ்சுத் தோல், உப்பு. தித்திப்பு மிகக் குறைவு. தன் தித்திப்பு வைனை ஒரு வாய் குடித்தார். ஊஹூம், சாக்லேட் காணாமல் போனது. மால்பெக்கைக் குடித்தார். கசந்தது. டொரொன்டெஸ் பக்கமே போகவில்லை. மிச்சப் பாதியைத் தட்டில் வைத்தார்.

"தெரியலையா?" ரோசௌரா முதல் முறையாகச் சிரித்தாள். "முப்பத்தெட்டு வருஷ உத்தியோகம்! ஏய் கிழவா, தோத்துட்டியா?"

கிழவா என்றாள்! நீ என்றாள்! எவரிஸ்தோவுக்குத் தலைகால் புரியவில்லை. "தோத்துட்டேன், நீயே சொல்லு" என்றார்.

அவள் மால்பெக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, குனிந்து மேசைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். "சோடா எங்க?"

அந்த நொடியில் அவர் செய்ததை அவர் நினைத்துச் செய்யவில்லை. யாராவது நல்ல வைனில் ஐஸ் போடக் கை நீட்டினால், ஹோட்டலில் அவர் கை தானாகப் போய்க் கோப்பை வாயை மூடும். முப்பத்தெட்டு வருடம் பழகிய கை. அது போய் மகளின் கோப்பையை மூடியது. "இந்த வைன்லயா?" என்று வாயும் சேர்ந்து கேட்டது.

அட பாவி மனுஷா!

ரோசௌரா அந்தக் கையைப் பார்த்தாள். அவர் சுட்டது போல் எடுத்துக்கொண்டார். ஆனால் எடுத்து என்ன பயன்?

"அம்மா குடிச்ச சோடா வைனுக்குன்னு செஞ்ச சாக்லேட் அது" என்றாள் மெதுவாக. "சோடா பாட்டில் எங்க, அப்பா?"

"இல்லம்மா. திருப்பிக் குடுத்துட்டேன்."

"எப்போ?"

"அடக்கம் முடிஞ்ச வாரம்."

"அவ துணியெல்லாம்?"

"அப்படியே அலமாரில இருக்கு. ஒண்ணையும் தொடல."

"பாட்டிலை மட்டும் குடுத்திட்டீங்க."

அந்தப் பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் தொட்டியில் கொட்டிய கோப்பைதான் கண்ணில் நிற்கிறது, அதைத் தாங்க முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. சொல்ல வாய் வரவில்லை. வைனைப் பற்றி என்றால் அருவியாகக் கொட்டும் வாய் அது. சட்டென்று எழுந்தார், தொப்பியைக் கூட எடுக்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

ஞாயிறு மூன்று மணிக்கு மெண்டோசாவில் ஈ காக்கை நடமாடாது. கடையெல்லாம் இரும்புக் கதவு இறக்கி, ஊரே மதியத் தூக்கத்தில் கிடந்தது. மூலைக் கடையைத் தட்டினார். திறக்கவில்லை. பெட்ரோல் பங்கில் இனிப்பு பானம்தான் இருந்தது. எட்டுத் தெரு நடந்து போச்சோ வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்துக் கதவை இடித்தார். அவன் பனியனோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான்.

"யாராவது செத்துட்டாங்களா?"

"ஒரு சோடா பாட்டில் குடுப்பா."

"இந்த நேரத்துலயா? ரெண்டு வருஷம் வேணாம் வேணாம்னுட்டு, என் தூக்கத்தைக் கெடுத்துத்தான் கேக்கணுமா?" என்றவன், அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தான்.

அந்தக் கனத்த கண்ணாடிப் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு அறுபத்தெட்டு வயது மனிதர் ஓடினார். ஓட்டமா அது, பாதி ஓட்டம் பாதி மூச்சிரைப்பு. வீட்டுக்குள் நுழைந்தபோது மணி நாலு பத்து. தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. முன்னறையில் பை இல்லை. மேசையில் சாக்லேட் பெட்டியும், அவர் கடித்துவைத்த பாதியும், அவள் மீதி வைத்த மால்பெக் கோப்பையும் மட்டும் இருந்தன.

அவர் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வெகு நேரம் கழித்து அந்தக் கோப்பையில் ஒரு பீய்ச்சு அடித்தார். ஆயுளில் முதல் தடவை. பாதிச் சாக்லேட்டை வாயில் போட்டு, ஒரு வாய் குடித்தார். துவர்ப்பு அடங்கியது, குமிழி நாக்கில் ஒட்டியிருந்த கொழுப்பைத் துடைத்துவிட்டது, கடலையும் ஆரஞ்சும் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அவர் வாழ்நாளில் சேர்த்துவைத்த ஜோடிகளில் இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. "ஆஹா" என்று பக்கத்தில் திரும்பினார். பக்கத்தில் யாரும் இல்லை.

போனை எடுத்து அழைத்தார். நாலாவது மணியில் எடுத்தாள். பஸ் இரைச்சல் கேட்டது.

"பொருந்துதும்மா" என்றார்.

"எங்க போனீங்க?"

"சோடா வாங்க."

"நீங்க வழக்கம்போல கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டீங்கன்னு நெனச்சேன். அம்மாகிட்ட சண்டைன்னா அப்படித்தானே கதவைத் திறந்துட்டுப் போவீங்க. முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே, அப்பா."

"சொல்லியிருக்கலாம்."

"அங்க கடை வாடகைக்குத் தர்றவருக்கு இப்பதான் சரின்னு சொன்னேன். பரிலோச்சேலயே."

"நல்லதும்மா" என்றார். "நல்ல ஊரு."

வியாழக்கிழமை போச்சோ வண்டியை நிறுத்தியபோது எவரிஸ்தோ வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஒரு பெட்டி இறக்கு."

"முழுப் பெட்டியா? ஆறு பாட்டிலா? பொண்ணு இங்கயே தங்கிட்டாளா?"

"இல்ல."

"அப்ப வேற யாரு வர்றாங்க?"

"யாரும் வரல."

"ஒத்தை ஆளுக்கு ஆறு எதுக்கு தோன் எவரிஸ்தோ? ரெண்டு போதாதா?"

"நீ இறக்கி வையேன்ப்பா" என்றார். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய், ஒரு பாட்டிலை எடுத்து, உட்கார்ந்தபடி கையை விட்டால் எட்டுகிற இடமாகப் பார்த்து, சுலேமாவின் நாற்காலிப் பக்கம் மேசைக்கு அடியில் வைத்தார்.