வெள்ளிக்கிழமைக் கறி

ஞானப்பிரகாசம் வாத்தியாருக்குக் கோபம் மூக்குமேல் என்பது வரதராஜன்பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். ஞானோபதேச வகுப்பில் ஒரு பிள்ளை ஜெபத்தை மாற்றிச் சொன்னால் பக்கத்துப் பிள்ளைக்கும் சேர்த்துப் பிரம்படி விழும். அப்பேர்ப்பட்ட மனுஷரைச் சம்பந்தம் பேச மதராசுக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டில் வேறு ஆண்பிள்ளை இல்லையே, என்ன செய்வது?

பேச வேண்டியது தங்கை பாத்திமா மேரியின் கலியாணம். அவளுக்கென்று சொல்லி வைத்திருந்தது அடைக்கலசாமியை. வாத்தியாரோடு ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவன். இப்போது மதராசில் அச்சாபீஸ் வேலை. நடுவில் அப்பா இருமல் கண்டு படுத்த படுக்கையாகிவிட்டார். வாத்தியார் அப்போது திருச்சியில் வாத்தியார் படிப்பில் இருந்ததால், கூட இருந்து எல்லாம் பார்த்தவள் பாத்திமாதான். அப்பாவை அடக்கம் செய்து வருஷமும் திரும்பிவிட்டது. சண்டைக்காலம், அரிசி கிடைக்கவில்லை, பொறுத்துப் பார்ப்போம் என்று அடைக்கலசாமி சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான். ஏலாக்குறிச்சியிலிருந்து வேறொரு வரன் வந்து காத்திருந்தது. தவக்காலத்தில் கலியாணம் கிடையாது, அது பிறப்பதற்குள் உண்டா இல்லையா என்று கேட்டு வா என்றாள் அம்மா.

அரியலூரில் ரயில் ஏறிய வாத்தியார் வெள்ளிக்கிழமை மத்தியானம் எழும்பூரில் இறங்கினார். அடைக்கலசாமி வெளுத்த சட்டையும் தோளில் ஒரு துணிப்பையுமாக நின்றான். ஆள் வாடியிருந்தான். பட்டணத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார். கட்டிப்பிடிக்கப் போனவரிடமிருந்து அவன் இரண்டடி தள்ளி நின்று மூட்டையை வாங்கிக்கொண்டான். தன் அறை ரொம்பச் சின்னது, அங்கே வேண்டாம், ராத்திரி ரயிலுக்குள் ஊரைச் சுற்றிவிடலாம் என்றான். பழைய சிநேகிதனை வீட்டு வாசலைக்கூட மிதிக்க விடாதவன் என்ன சிநேகிதன் என்று வாத்தியாருக்கு அங்கேயே சுருக்கென்றது.

ஆனாலும் பொழுது நன்றாகத்தான் போயிற்று. டிராமில் போனார்கள், கடற்கரையில் காலை நனைத்தார்கள். சாமியார் தோட்டத்தில் நுங்கு திருடித் தின்றதையும், வாயைத் துடைத்துக்கொண்டு வந்தும் பாத்திமா கண்டுபிடித்துவிட்டதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் வாத்தியாருக்குக் கோபமெல்லாம் ஆறிப்போயிற்று. சினிமாக் கொட்டகையில் அடைக்கலசாமி நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு உட்கார்ந்தான். பாதிப் படத்தில் இரண்டு தடவை எழுந்து வெளியே போய் வந்தான்.

படம் விட்டதும் மிலிட்டரி ஓட்டலுக்குப் போனார்கள். வாத்தியாருக்கு ரசஞ்சோறு சொன்ன அடைக்கலசாமி, தனக்கு ஆட்டுக்கறி சொன்னான். பையிலிருந்து சொந்தத் தம்ளர் ஒன்றை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டான்.

“இன்னிக்கு வெள்ளிக்கிழமைடா. கறி ஆவாது.”

“தெரியும்.”

கஷாயம் குடிக்கிறவன் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாக அவன் விழுங்கினான். தின்கிற பாவத்தை ருசித்தாவது தின்னக்கூடாதா என்று வாத்தியாருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏலாக்குறிச்சி வரன் காத்திருப்பதைச் சொல்லி, கலியாணம் என்ன ஆயிற்று என்று நேராகவே கேட்டார். ஏலாக்குறிச்சிப் பையன் எப்படிப்பட்டவன் என்று அவன் திருப்பிக் கேட்டான். நல்லவன்தான் என்றதும் தலையை ஆட்டினான்.

“அப்ப அவனுக்கே முடிச்சுடு மச்சான். நான் வெள்ளிக்கிழமை ஒக்காந்து கறி தின்னேன்னு பாத்திமாகிட்ட சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்.”

வாத்தியார் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார். எழும்பூர்வரை திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து, ஜன்னல் வழியாக உள்ளே வைத்துவிட்டு, ரயில் நகரும்வரை தூரத்தில் நின்றான்.

ஊரில் பாத்திமா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாத்தியார் நின்றபடியே எல்லாக் குற்றத்தையும் கொட்டினார். அறைக்குக் கூப்பிடவில்லை, பக்கத்தில் உட்காரவில்லை, கொட்டகையில் இரண்டு தடவை எழுந்து வெளியே போனான், தனித் தம்ளர், எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளிக்கிழமைக் கறி. அவன் வேதத்தையே விட்டுவிட்டான், தலைமுழுகு என்றார்.

பாத்திமாவின் கை நின்றுவிட்டது. கொட்டகையில் இரண்டு தடவை வெளியே போனது இருமத்தானா என்று கேட்டாள். இருக்கும், தான் கவனிக்கவில்லை என்றார் அவர்.

“சீக்காளிக்கு வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனம் கெடையாது, கறி தின்னலாம்னு நீங்கதானேண்ணே பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறீங்க. அப்பாவுக்கு வெள்ளிக்கிழமையும் கறி ஆக்கிப் போடச் சொன்னாரு பங்கு சாமியாரு. மூஞ்சைச் சுளிச்சிக்கிட்டேதான் தின்னாங்க. தம்ளரைத் தனியா வச்சது நான்.”

வாத்தியார் கழற்றிப்போட்ட சட்டையைத் தேடி எடுத்தார். அடுத்த ரயிலுக்கே போகிறேன் என்றார்.

“போவாதீங்க. போயி என்னா செய்வீங்க? அப்பாவை என்னா செஞ்சோம்?” என்றாள். கீரைக்காம்புகளை முறத்தின் ஓரத்தில் ஒதுக்கினாள். “இன்னொரு தடவை கிட்ட இருந்து பாக்க என்னால முடியாதுண்ணே. அது அவருக்குத் தெரியும். அதுக்குத்தான் அந்தக் கறியை உங்க எதுர்ல தின்னாரு. ஏலாக்குறிச்சிக்குச் சொல்லி அனுப்புங்க.”

மூன்று ஞாயிறு கோயிலில் கலியாண ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று மூன்று தடவையும் சாமியார் கேட்டார். ஞானப்பிரகாசம் வாத்தியார் முன்வரிசையில் முழங்காலில் இருந்தார். வாயைத் திறக்கவில்லை. மதராசுக்குப் போட்ட கடுதாசிக்கும் பதில் வரவில்லை.

கலியாணம் திங்கட்கிழமை. ஆடு அடித்து ஊருக்கே சாப்பாடு போட்டார்கள். பாத்திமா தன் இலையில் வைத்த கறியைத் தொடவே இல்லை. புதுப்பெண் வெட்கப்படுகிறாள் என்று ஏலாக்குறிச்சிக்காரர்கள் சொன்னார்கள்.