வரிசை எண் ஏழு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிழையில்லாமல் தட்டச்சு செய்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் இந்தக் கதை வந்தது.

முதியோர் இல்லங்களுக்கும் வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் சேவைக்கும் கட்டணம் நிர்ணயிக்க ஒரு குழு போட்டிருந்தார்கள். ஏற்காட்டில் அவர்கள் நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டத்தில் குறிப்பெடுக்கும் வேலை எனக்கு. இருபத்து மூன்றாவது பதிவு இது: ‘இன்பமேரி, வெள்ளக்கடை. வரிசை எண் ஏழை நீக்கி, நாள் கட்டணத்திலேயே சேர்க்கக் கோரினார்.’

(‘ஏழை’ என்று படித்துவிடாதீர்கள். எண்தான்.)

அந்த அம்மாள் பதினோரு நிமிடம் பேசினார். எனக்குக் கொடுத்திருந்த கட்டத்தில் ஒரு வரிதான் கொள்ளும். மிச்சத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் இங்கே வைக்கிறேன்.

2

பனி மூடிய மலைப்பாதையில் பஸ் மெல்ல ஏறிக்கொண்டிருந்தபோது இன்பமேரி…

அடித்துவிட்டேன். அவர் பஸ்ஸில் வரவில்லை. மணிகண்டனின் ஸ்கூட்டரில் வந்தார்.

வாழ்க்கை வஞ்சித்த அந்தப் பெண்ணின் முகத்தில்…

இதுவும் வேண்டாம். இன்பமேரிக்கு ஐம்பத்திரண்டு வயது. படுத்த ஆளைத் தனியாகத் தூக்கி உட்கார வைக்கிற தோள். ஒன்றரை வருடமாக மணிகண்டனின் அம்மா பார்வதியைப் பார்த்துக்கொள்கிறார். பக்கவாதம் வந்து பார்வதிக்கு இடப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. மணிகண்டன் ஏரிப்பக்கம் ஓட்டல் நடத்துகிறவர். அன்று மனைவியை அம்மாவுக்குத் துணையாக வைத்துவிட்டு, இன்பமேரியைக் கூட்டத்துக்கு அழைத்து வந்தார்.

“நாங்க சொன்னா கஞ்சம்பாங்கக்கா. நீங்க சொன்னாத்தான் எடுபடும். ரேட்டு ஏத்த வேண்டாம்னு மட்டும் சொல்லிருங்க.”

“செரிங்க தம்பி,” என்றார் இன்பமேரி. அவருக்கு அதில் ஒன்றும் மறுப்பில்லை. கட்டணம் ஏறினால் பார்வதியை மலையிலிருந்து இறக்கி ஏதாவது ஓர் இல்லத்தில் விட்டுவிடுவார்கள் என்ற பயம் அவருக்கும் இருந்தது.

3

வாசலில் எல்லோருக்கும் வரைவுப் பட்டியலைக் கொடுத்தார்கள். குளிப்பாட்டுதல், உணவூட்டுதல் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விலை. வரிக்கடியில் விரலை வைத்து இன்பமேரி படித்துக்கொண்டே வந்தார். ஏழாவது வரியில் விரல் நின்றது. ‘படுக்கையில் திருப்பிப் படுக்க வைத்தல், ஒரு முறைக்கு.’

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். அந்த நொடியில்தான் மனம் மாறினாரா, இல்லை முன்பே ஏதோ முடிவோடு வந்தாரா? நான் பார்த்தது இவ்வளவுதான்: தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மனதுக்குள் புகுந்து எழுதுவது கதை எழுதுகிறவர்களின் தொழில் என்றாலும், இந்த இடத்தில் எனக்கு வழி கிடைக்கவில்லை.)

பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தார்.

“ஏனுங்க மேடம், இந்த ஏழாம் நம்பரை எடுத்துருங்க.”

குழுத் தலைவர் நிமிர்ந்தார். “ஏம்மா, ரேட்டு கம்மியா இருக்கா?”

“கம்மி, ஜாஸ்தி இல்லீங்க. ஒரு தடவைக்கு இவ்வளவுன்னு போட்டா, ஊட்டுக்காரங்க எத்தனை தடவைன்னு பாப்பாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்போணுமுங்க. மூணு தடவை போதும்பாங்க. அவங்களையும் குத்தஞ் சொல்ல முடியாதுங்க.”

“இது உங்க ஊகம்தானே?”

“இல்லீங்க. நான் செஞ்சதுங்க.”

மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த மணிகண்டன் போனைக் கீழே வைத்தார்.

பார்வதியிடம் வருவதற்கு முன்னால் இரண்டு வருடம், மலைக்குக் கீழே ஒரு முதியோர் இல்லத்தில் இன்பமேரி வேலை பார்த்திருக்கிறார். அங்கேயும் இதே மாதிரி ஒவ்வொரு தடவைக்கும் விலை போட்ட சீட்டு. கொட்டச்சேடு பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த டோமினிக் அங்கே படுத்திருந்தார். அவருடைய மகன் சீட்டில், திருப்புவது ஒரு நாளைக்கு மூன்று தடவை என்று குறித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

“அதுக்கு மேல தொட்டா சூப்பர்வைசர் சத்தம் போடுவாருங்க. ஒருத்தருக்குச் சும்மா செஞ்சா அத்தனை பேரும் கேப்பாங்கன்னு. ஒரு நாள் மத்தியானம் அந்த ஐயா கூப்பிட்டாரு. ‘மேரி, இடுப்பு நொம்ப எரியுது, ஒருக்கா திருப்பு கண்ணு’ன்னாரு. நான் கடியாரத்தைப் பாத்தேன். இன்னும் நேரமாகலீங்கய்யான்னேன். சூப்பர்வைசர்கூட அப்ப அங்க இல்லீங்க. நாந்தான் திருப்பல.”

அவள் கண்களில் நீர்…

இல்லை. கண் வறண்டுதான் இருந்தது. அப்படி எழுதினால் உங்களுக்கும் எனக்கும் கொஞ்சம் லேசாக இருக்கும், அதனால் எழுதப் பார்த்தேன்.

“படுக்கைப் புண்ணு எலும்பு வரைக்கும் போயிருச்சுங்க. பன்னண்டு நாள்ல போயிட்டாரு.”

அரங்கத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். குழுத் தலைவர் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்: “நாள் கட்டணத்திலேயே சேத்துட்டா அது ஏறுமே. குடும்பங்க தாங்குமா?”

இன்பமேரி திரும்பி மணிகண்டனைப் பார்த்தார். எதைச் சொல்லக் கூடாதென்று அழைத்து வந்தாரோ, அதுதான் பதில்.

“ஏறத்தானுங்க செய்யும்,” என்றார். “ஏத்தித்தான் ஆகோணும்.”

4

வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் இருவரும் நின்றதைப் பார்த்தேன். நான் டீ வாங்க வந்திருந்தேன். ஒட்டுக் கேட்கவும் செய்தேன்.

“ஒண்ணரை வருசமா இதை ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?”

“சொல்லியிருந்தா வேலைக்கு வெச்சிருப்பீங்களா தம்பி?”

மணிகண்டன் சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினார். பிறகு, “ஏறுங்க,” என்றார். இன்பமேரி ஏறிக்கொண்டார். வளைவு திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

5

முதல் முடிவு: மணிகண்டன் அன்று மாலையே அவரை வேலையை விட்டு நிறுத்திவிடுகிறார். எழுதிப் பார்த்தேன். மணிகண்டன் வில்லனாகிவிட்டார். அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கத் தானும் கற்றுக்கொண்ட மனிதர் அவர். அது அநியாயம்.

இரண்டாவது முடிவு: இறுதிப் பட்டியல் வருகிறது, ஏழாவது வரி அதில் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டியல் இன்னும் வரவில்லை.

மூன்றாவதை யோசிக்கும்போது…

சரி, நேற்று இன்பமேரிக்கே போன் செய்தேன். இப்படி எழுதுகிறேன், எப்படி முடிக்கட்டும் என்று கேட்டேன்.

“அதை எங்கிட்டக் கேட்டா எப்படி சாமி? நீங்க படிச்சவங்க.” பின்னால் யாரோ முனகும் சத்தம். “இருங்க, அம்மாவைத் திருப்போணும்.”

போனைக் கட்டிலிலேயே வைத்துவிட்டார் போலிருக்கிறது. கட்டில் கிறீச்சிட்டது. “அப்பிடித்தானுங்க, எம்மேல சாஞ்சுக்கோங்க,” என்று அவர் சொல்வது கேட்டது.

எந்த அம்மா, பார்வதியா வேறு யாராவதா, யார் வீட்டுக் கட்டில் என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கு எந்த வீடு தோன்றுகிறதோ அதையே எழுதிக்கொள்ளுங்கள்.