எல்லா இடத்திலும் பத்திரம்

எங்கள் பள்ளியின் பழைய கம்ப்யூட்டரை யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பதினேழு வருஷம் அதன் முன்னால் உட்கார்ந்து வினாத்தாள் அடித்தவன் நான். அடித்து அடித்து என் பெயரே ‘கேள்வி’ என்றாகிவிட்டது. கேள்வி வந்தாச்சா, கேள்வி சாப்பிடப் போயாச்சா என்றுதான் ஆசிரியர்கள் விசாரிப்பார்கள்.

அதை ஆன் செய்துவிட்டுப் போய் முகம் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் அப்போதுதான் கண்விழித்துக்கொண்டிருக்கும். உடம்பெல்லாம் மஞ்சள் பாரித்துக் கிடக்கும். அதன் இரைச்சலில் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்த முடியாது. இருந்தாலும் வாயைத் திறந்து ஒன்று கேட்காது. உன் பிறந்தநாள் எது, வெளியே வெயில் எவ்வளவு என்ற ஊர் வம்பெல்லாம் அதற்குக் கிடையாது. இன்டர்நெட் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. வினாத்தாளை எவனாவது ஃப்ளாப்பியில் திருடிக்கொண்டு போனாலும், அந்தக் காலத்துத் தமிழ் ஃபாண்ட் இல்லாத இடத்தில் திறந்தால் கொக்கியும் கொம்புமாகத்தான் தெரியும். திருடனே திரும்பி வந்து என்னிடம் அர்த்தம் கேட்க வேண்டும்.

இந்த வருஷம் புதியது வந்தது. பழையதை ஸ்டோர் ரூமில் உடைந்த பெஞ்சுகளோடு சேர்த்து வைத்துவிட்டார்கள். புதியது முதல் நாளே எனக்கு வணக்கம் சொன்னது. காரணமில்லாமல் கும்பிடு போடுகிறவனை நம்பக்கூடாது என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அடுத்து மின்னஞ்சல் முகவரி கேட்டது. கொடுக்காமல் உள்ளே விடமாட்டேன் என்று ஒரே அடம். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. மகள் பாடம் படிப்பதற்காக டேப்லெட் வாங்கியபோது மனைவி என் பெயரில் தொடங்கிக் கொடுத்தது. அதையே கொடுத்தேன். உங்கள் கோப்புகள் இனி எல்லா இடத்திலும் பத்திரமாக இருக்கும் என்று திரையில் வந்தது. வினாத்தாள் ஓர் இடத்தில் இருந்தால்தான் பத்திரம். அது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் பெல் அடித்துவிட்ட அவசரத்தில் ‘சரி’யை அமுக்கிவிட்டுப் போனேன்.

மகள் படிப்பதும் இதே பள்ளியில்தான். அவள் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் நானே தலைமையாசிரியையிடம் போய், இந்த வருஷம் பத்தாம் வகுப்புத் தாளை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று கேட்டேன். உங்கள் கையிலிருந்து இதுவரை ஒரு புள்ளிகூட வெளியே போனதில்லை, நீங்களே அடியுங்கள் என்று சொல்லிவிட்டார். அன்று முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அரையாண்டுக் கணிதத் தேர்வுக்கு முந்தின நாள் மதியம். நூற்று நாற்பது பிரதிகளை உறையில் போட்டு, சீல் வைத்து, பீரோவில் பூட்டியாயிற்று. அறிவியல் தாளைத் தொடங்கலாம் என்று உட்கார்ந்தேன். திரையின் மூலையில் ஒரு கட்டம் எட்டிப் பார்த்தது. அதில் முதலில் கண்ணில் பட்டது ‘தொடாதே’ என்ற வார்த்தைதான். சட்டென்று கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எட்ட நின்று முழுவதையும் படித்தேன். ‘கணிதம் பத்து’ என்ற கோப்பு திங்கட்கிழமை முதல் ‘தொடாதே’யிலும் இருக்கிறது என்று போட்டிருந்தது.

தொடாதே என்பது என் மகள் தன் டேப்புக்கு வைத்த பெயர். அதுவும் இதே மின்னஞ்சல் முகவரியில்தான் ஓடுகிறது. நான் அடிக்கடி அதை எடுத்துச் செய்தி பார்க்கிறேன் என்று கோபித்துக்கொண்டு வைத்தது.

திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்துதான் அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டைக் கொறித்துவிட்டு எழுந்து போனாள். கேட்டதற்கெல்லாம் ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள். பரீட்சை பயம் என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டோம். இப்போது அந்த மூன்று நாட்களும் வேறு மாதிரித் தெரிந்தன.

தலைமையாசிரியையிடம் வயிற்றுவலி என்றேன். அது முழுப்பொய் இல்லை. பேருந்தில் மனைவிக்கு போன் செய்து, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். பேருந்து நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு என்னவென்று சொல்வது? பார்த்திருப்பாளா, பார்த்துவிட்டுத் தோழியிடம் சொல்லியிருப்பாளா, அந்தத் தோழி வேறு யாரிடமாவது சொல்லியிருப்பாளா என்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு கேள்வி ஏறியது, ஒன்றும் இறங்கவில்லை. நடுவில், யாருக்கும் தெரியாவிட்டால் இவள் பாஸாகிவிடுவாளே என்றும் ஒரு நினைப்பு வந்தது. வந்தது உண்மை. அதற்கு நான் வெட்கப்பட்டதும் உண்மை.

தேர்வுக்குப் படிக்க விடுமுறை விட்டிருந்ததால் மகள் வீட்டில்தான் இருந்தாள். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். மேசை முழுக்கக் கணக்கு நோட்டுகள். டேப்பைக் காணோம். எங்கே என்று கேட்டதற்கு அலமாரியின் உச்சியைக் காட்டினாள். நாற்காலி போட்டு ஏறினேன். சூட்கேசுக்குப் பின்னால், பழைய துண்டில் சுற்றி, சார்ஜ் தீர்ந்து கிடந்தது. நாற்காலியில் நின்றபடியே, பார்த்தாயா என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“பேரைத்தான் பாத்தேன். தொறக்கல.”

பிறகு ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்றேன். அவள் நோட்டின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே நின்றாள்.

“நீங்கதான் அனுப்பினீங்கன்னு நெனச்சேன். நான் பாஸாக மாட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன்ப்பா.”

அவள் என்னை ஓங்கி ஓர் அறை அறைந்திருந்தால்கூடத் தேவலை. நாற்காலியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. மூன்று நாட்களாக நான் அவளைச் சந்தேகப்படவில்லை. அவள்தான் மூன்று நாட்களும் என்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டு, அதையும் என்னிடம் கேட்க மனம் வராமல், தனியாகச் சுமந்திருக்கிறாள். நான் அனுப்பவில்லை, கம்ப்யூட்டர் தானாகச் செய்தது என்றேன். காப்பியடித்து மாட்டிக்கொண்ட பையன்கள் சொல்வது போலவே இருந்தது. சத்தியமாகவா என்றாள். சத்தியமாக என்றேன். பாதி நம்பிய மாதிரி தெரிந்தது.

“அப்ப ஹெச்.எம். கிட்ட சொல்லிடலாம்.”

வேலை போனாலும் போகும் என்றேன். அவள் அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“நானும் வர்றேன். நீங்க தனியாப் போனா கம்ப்யூட்டர்தான் பண்ணுச்சுன்னு சொல்வீங்க. யாரு நம்புவாங்க?”

தலைமையாசிரியை முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். நாங்கள் கொண்டுபோன டேப்பைத் தன் மேசையிலேயே சார்ஜில் போட்டுத் திறந்து பார்த்தார். கோப்பின் பக்கத்தில் ‘இன்னும் திறக்கப்படவில்லை’ என்று இருந்தது. மகளை நம்புகிற அப்பன் அதை எட்டிப் பார்த்திருக்கக் கூடாது. நான் பார்த்தேன். அவள் நான் பார்த்ததைப் பார்த்தாள்.

அவர் அவளைத் தட்டிக்கொடுத்து, போய்ப் படி என்று அனுப்பிவைத்தார். என்னைத் தட்டிக்கொடுக்கவில்லை. உங்கள் விஷயத்தைத் தேர்வு முடிந்ததும் பேசுவோம், இப்போது காலைக்குள் வேறு தாள் வேண்டும் என்றார். சீல் வைத்த உறையிலிருந்த நூற்று நாற்பது பிரதிகளும் குப்பைக்குப் போயின. ஸ்டோர் ரூமிலிருந்து பழைய கம்ப்யூட்டரை நானும் காவலாளியும் தூக்கிவந்தோம். கணக்கு ஆசிரியர் ஒன்றரை மணி நேரத்தில் புதுக் கேள்விகளை எழுதி என் கையில் கொடுத்தார். அவர் போனும் என் போனும் தலைமையாசிரியையின் மேசையில். தலைமையாசிரியை என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பதினேழு வருஷத்தில் என் பக்கத்தில் காவலுக்கு ஆள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பதினோரு கேள்விகள் மளமளவென்று போயின. பன்னிரண்டாவது, வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து தொடுகோடு வரைவது. எட்டு மதிப்பெண். அது என் மகளுக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை அதையே மூன்று தடவை போட்டுப் போட்டு அழித்துவிட்டு, கடைசியில் நோட்டின் மேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். அந்த எட்டு மதிப்பெண் போனால் அவள் தேறுவது கஷ்டம். என் கை நின்றுவிட்டது.

“என்னாச்சு, எழுத்து வரலையா?” என்று கேட்டார் தலைமையாசிரியை.

“வருது மேடம்” என்று சொல்லிவிட்டு அடித்தேன்.