மாறாத காற்று

ஜன்னல் இல்லாத அந்த அறையில் சுவர் நிறையத் திரைகள். ஒவ்வொன்றிலும் காடு எரிந்துகொண்டிருந்தது. நிஜக் காடு அல்ல. அவள் கணினியில் கொளுத்திய காடு. காற்று சற்றே திரும்பினால், வலுத்தால், ஈரப்பதம் இன்னும் இறங்கினால் என்று ஒவ்வொரு ஒருவேளைக்கும் ஒரு தீ. மலையில் எரியும் நிஜத் தீ எங்கே போகும் என்று இவற்றைப் பார்த்துத்தான் சொல்வாள்.

இன்று எல்லாத் தீயும் ஆற்றுப் பக்கமே இறங்கியது.

"இப்படி ஒத்துப்போனா நமக்குச் சம்பளமே தண்டம்" என்றான் பக்கத்து நாற்காலிக்காரன். எப்போதும் மழை வருமென்றே சொல்வதால் அவனுக்குப் பெயர் குடை.

அந்தத் திரைகளை நம்பித்தான் தண்ணீர் லாரிகளை மேட்டுக் கல்குவாரியில் நிறுத்தச் சொல்லியிருந்தாள். அதில் ஒன்றை ஓட்டுகிறவன் அவள் கணவன்.

ஏனோ மனசு உறுத்தியது. மலைக் காற்றுமானியின் கணக்கைத் திறந்தாள். மதியத்திலிருந்து ஒரே திசை, ஒரே வேகம். காற்றென்ன சுவரில் அடித்த ஆணியா?

"குடை, இந்தக் கருவி உயிரோட இருக்கா?"

அவன் தேடிப் பார்த்து முகம் வெளுத்தான். "எப்பவோ எரிஞ்சு போச்சு. கடைசியா சொன்னதையே கணினி திருப்பித் திருப்பிப் போட்டுக்கிட்டிருக்கு."

செத்த கருவியின் காற்றில் எல்லாத் தீயும் ஒத்துப்போனதைக் கண்டுதான் இருவரும் பூரித்திருக்கிறார்கள். மற்ற வானிலை நிலையங்களின் காற்றை ஊட்டி மறுபடி ஓட்டினாள். பாதித் திரைகளில் தீ குவாரி மேல் ஏறியது.

தலைமை அதிகாரி அவள் கூடப் பிறந்த அண்ணன். விஷயத்தைச் சொன்னதும் பெருமூச்சு விட்டார்.

"போன வாரமும் இதையே சொன்னே. மாப்பிள்ளை இருக்கற இடத்தையே உன் தீ தேடிப் போகுது."

அன்று அவள் பேச்சைக் கேட்டு வண்டிகளைத் திருப்பியதில், வேறு பக்கம் வீடுகள் எரிந்தன. அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

"அவர் அங்க இல்லன்னா நான் காத்துமானியப் பாத்திருக்கவே மாட்டேண்ணா. அது என் தப்பு. ஆனா கருவி செத்தது நிஜம். குடையக் கேளு."

குடை தலையாட்டினான். அண்ணன் வயர்லெஸ்ஸை எடுத்தார். "லாரிகளக் கீழே இறக்கிடவா?"

அதையும் ஓட்டிப் பார்த்துவிட்டாள். லாரிகள் வருமுன் தீ காட்டு வழியை மறித்துவிடும். குவாரியில் எரிய ஒன்றுமில்லை, வெறும் பாறை. ஆனால் புகையும் அனலும் சூழும்.

"வேண்டாம்."

"அப்ப நீயே சொல்லு" என்று வயர்லெஸ்ஸை அவளிடம் தந்தார்.

"நான்தாங்க. கிளம்பாதீங்க. வண்டிங்கள நடுப் பாறைக்குக் கொண்டுபோய், கண்ணாடிய ஏத்திக்கிட்டு உள்ளயே படுத்துக்குங்க."

"வழி நல்லாத்தானே தெரியுது? இப்பவே கிளம்பினா வந்துடலாம்."

"வராதீங்க."

கல்யாணமான நாள் முதல் சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க என்று நச்சரித்த வாய் அது. அந்தப் பக்கம் வண்டிக் கதவு சாத்தும் ஓசை.

"சரி. உன் பேச்ச என்னைக்குத் தட்டியிருக்கேன்?"

"என்னைக்குக் கேட்டிருக்கீங்க?" என்றாள். அழுகை முட்டியது.

அதன்பின் வெறும் இரைச்சல். திரையில் தீ கண்ணிமைக்கும் நேரத்தில் குவாரியைத் தாண்டியது. நிஜத் தீக்கு அந்த அவசரம் இல்லை. எழுந்து எங்கே போவது? கதவுக்கு அப்பாலும் தாழ்வாரம்தான். நாற்காலியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இரைச்சலுக்குள் ஒரு இருமல்.

"எல்லாரும் இருக்கோம். வழி பூரா மரம் விழுந்து எரியுது. அசைய முடியாது."

"அசையாதீங்க. நானும் இங்கயேதான் இருக்கேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்போது வந்த காற்றை ஊட்டி மீண்டும் காட்டைக் கொளுத்தினாள்.