கரீமைக் கூப்பிட்ட பாட்டு

புகழ்பெற்ற அந்த ராக் பாட்டின் கடைசி அலறலில் ஒரு தலைமுறையின் கோபமே இருப்பதாகப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. கோபமெல்லாம் ஒன்றும் இல்லை.

1996இல் சூலூர் ரோட்டு விபத்தில் குழுவின் டிரம்மர் கரீம் இறந்து நாற்பதாம் நாள் கழிந்த வாரம், அவன் அண்ணன் சஹீர் எழுதிய பாட்டு அது. பம்புசெட் விளம்பரம் பதிவு செய்கிற ஸ்டுடியோவில் ஒரு மதியம்தான் கிடைத்தது. பாடகன் பொங்கியண்ணன் கூலிங்கிளாஸைக்கூடக் கழற்றாமல், லண்டனில் பிறந்தவன் மாதிரி தமிழை மென்று துப்பினான். இரண்டு டேக் வீண். பாட்டில் வரும் தம்பியின் பெயர் யாரோ ஒருத்தனுடையதைப் போலக் கேட்டது சஹீருக்கு.

"பொங்கியா, தினமும் எங்க ஊட்டு வாசல்ல நின்னு அவனை எப்படிக் கூப்பிடுவே? அப்படிக் கூப்பிடு, போதும்."

பொங்கியண்ணன் கண்ணாடியைக் கழற்றினான். பாட்டு முடிகிற இடத்தில், "கரீமு, வாரியாடா?" என்றான். பதில் வரவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டான். குரல் உடைந்து அலறலாகிவிட்டது.

"சுருதி போச்சுங்க. இன்னொருக்கா எடுத்துப்போடலாமுங்க," என்றார் ரெக்கார்டிஸ்ட்.

சஹீர் கிட்டாரைக் கீழே வைத்தான்.

"வேண்டாமுங்க. இன்னொருக்கா அவனைக் கூப்பிட எங்களுக்குத் தெம்பில்லைங்க."