வெள்ளைப் பெண்குட்டி

பாசிலியாவின் கை மணிக்கட்டையும் தாண்டி உள்ளே போயிருந்தது. லாமாக் கொழுப்பை முழங்கை வரை பூசியும் வழி விடவில்லை. குட்டியின் தலை விரலில் தட்டுப்பட்டது. ஒரு முன்னங்கால் இருந்தது. இன்னொன்று பின்னால் மடங்கிக் கிடந்தது. மயிருக்காக வளர்க்கும் அந்தப் பழுப்பு அல்பாக்கா பட்டியின் கல்சுவரில் தலையை முட்டிக்கொண்டு முனகியது. வெயில் ஏறுவதற்குள் ஈன்றிருக்க வேண்டிய உயிர். இப்போது மேற்கே ஆலங்கட்டி மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"பாசி! அவன் உன்னைக் கேக்கறான்!"

வாசலில் நின்று கத்தியவள் விசென்டா, பாசிலியாவின் கணவன் அன்செல்மோவின் அக்கா. தம்பிக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டுக் கணவாய் தாண்டி வந்தவள், அவன் தலைமாட்டை விட்டு நகரவில்லை. நாத்தனாருக்குரிய வேலையையும் விடவில்லை.

"இதோ வரேன் அண்ணி!"

"வரேன் வரேன்னு... புருஷனுக்கு மூச்சு இழுக்குது. இவளுக்கு மந்தைதான் பெருசு."

பாசிலியா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடினாள். உள்ளே சாணி நெருப்பின் புகை. படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று அன்செல்மோவை மயிர் மூட்டைகளில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். இளம் வயதில் சுரங்கத்தில் குடித்த தூசி இத்தனை வருஷம் பொறுத்திருந்து இப்போது நெஞ்சைப் பிடித்திருந்தது. அவன் கண்ணை மூடியிருந்தான். காது மட்டும் பட்டிப் பக்கம் இருந்தது.

"கால் மடங்கியிருக்கா?"

"ஆமா. நீ பேசாத."

"பேசாம மிச்சம் பிடிச்சு என்ன பண்ணப் போறேன்? இழுத்துடாத. முதல்ல உள்ள தள்ளு. அப்புறம் நகத்தை உள்ளங்கையில மூடிக்கிட்டு..." இருமல் மிச்சத்தை விழுங்கியது.

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ல? அப்ப இங்க ஏன் நிக்கற? போ."

போனாள். தள்ளினாள். நகத்தை மூடிக்கொண்டு காலைத் திருப்பினாள். முதல் ஆலங்கட்டி முதுகில் விழுந்தபோது குட்டி வழுக்கிக்கொண்டு கைக்கு வந்தது. வெள்ளை. பழுப்புத் தாய்க்கு அப்பழுக்கில்லாத வெள்ளை. இதற்காகத்தான் அன்செல்மோ நடக்க முடியாத நிலையிலும் ஆற்றுக்கு அக்கரை மந்தைக்குப் போய் வெள்ளைக் கடா கேட்டுக் கொண்டுவந்து சேர்த்தான்.

மூக்கை வழித்துவிட்டாள். பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி ஆட்டினாள். சாக்கால் தேய்த்தாள். மூக்கில் வாய் வைத்து ஊதினாள். விலா எழும்பியது, எழுப்பியது அவள் மூச்சுதான். விட்டதும் அமுங்கிவிட்டது. கழுத்து ஈரக் கயிறுபோல அவள் முழங்கையில் தொங்கியது.

"என்ன குட்டின்னு கேக்கறான்!"

அவள் உள்ளே போனபோது முடியில் ஆலங்கட்டி உருகி வழிந்தது. அன்செல்மோ கண்ணைத் திறந்து அவள் கைகளைப் பார்த்தான்.

"பெண்குட்டி" என்றாள். அது உண்மை. "வெள்ளை." அதுவும் உண்மை.

"எந்திரிச்சுதா?"

அடுப்பில் ஒரு சாணித் துண்டு சரிந்தது.

"எந்திரிச்சுது. நாலு காலும் நாலு பக்கம் போகுது, கல்யாண வீட்டுல குடிச்சவன் மாதிரி."

அவன் சிரித்தான். சிரிப்பா இளைப்பா என்று பிரிக்க முடியாத சத்தம். "உங்கப்பா மாதிரின்னு சொல்லு."

"ஏன், உன்னை மாதிரின்னு சொல்லேன்."

"பால் குடிக்குதா பாத்துட்டு வா."

"இருக்கட்டும். அப்புறம் பாக்கறேன்."

"போய்ப் பாரு பாசி. முதல் பால் முக்கியம்."

மறுக்க வழியில்லை. வெளியே வந்தாள். பார்க்க ஒன்றுமில்லாத இடத்தில் நின்று பார்த்தாள். தாய் குட்டியை மூக்கால் தள்ளித் தள்ளி எழுப்பிக்கொண்டிருந்தது. நாய்கள் வாய் வைக்காதிருக்கக் குட்டியைச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு கூடையைக் கவிழ்த்து, மேலே கல் வைத்தாள். அங்கேயே இன்னும் கொஞ்சம் நின்றாள். பால் குடிப்பதைப் பார்த்துவிட்டு வருபவள் அவ்வளவு சீக்கிரம் திரும்ப மாட்டாளே.

திரும்பியபோது விசென்டா தம்பியின் கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான்" என்றாள். "கதவையே பாத்துட்டிருந்தான்."

மேட்டு வீடுகளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மெல்லுவதற்குக் கோக்கா இலை கை மாறியது. முதலில் வந்தவர்களிடம் விசென்டா சொன்னாள்: "என் தம்பி சிரிச்சுக்கிட்டே போனான். வெள்ளைப் பெண்குட்டி பொறந்துதுன்னு கேட்டுட்டுப் போனான்." பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். பாசிலியாவுக்கு உட்கார முடியவில்லை. கிழங்கு வேகிறதா என்று எழுந்தாள். தண்ணீர் இருக்கிறதா என்று எழுந்தாள். பட்டியில் தாயின் முனகல் கேட்டபோதெல்லாம் எழுந்தாள்.

"செத்தவன் பக்கத்துல ஒரு நேரம் உக்காரக் கூடாதா?" என்று விசென்டா எல்லார் முன்னிலும் கேட்டாள். பிறகு சாணி அள்ளப் பட்டிப் பக்கம் போனாள். வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தாள். அதன்பின் அவள் பாசிலியாவை ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளைக் குட்டிக் கதையையும் சொல்லவில்லை. அதை மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை அன்செல்மோவின் தம்பி ஃபோர்துனாதோ நகரத்திலிருந்து லாரியில் சவப்பெட்டியோடு வந்தான். அண்ணனைப் பார்த்து அழுதான். ஆணி அடித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அண்ணி, அந்தக் குட்டி எங்க? அண்ணன் பாக்காமப் போனதை நானாவது பாக்கறேன்."

நாலைந்து பேர் கூடவே எழுந்தார்கள். பாசிலியா வாயைத் திறந்தாள்.

"அது இல்லடா" என்றாள் விசென்டா. குரலில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. "அவன் மூச்சு நின்னப்பவே அதுவும் நின்னுடுச்சு. நான் என் கண்ணால பாத்தேன். கூடவே கூட்டிட்டுப் போயிட்டான்."

ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். "நல்லதுதான்" என்றார் ஒருவர். "வழியில தனியா நடக்க வேணாம்."

இரண்டு பெண்களும் பட்டிச் சுவருக்குப் பின்னால் போனார்கள். பாசிலியா கல்லை எடுத்தாள்.

"அண்ணி, நான் அவர்கிட்ட..."

"கூடையத் தூக்கு."

விசென்டா குட்டியைத் தன் போர்வைத் துணியில் வைத்து, பிள்ளையைச் சுமப்பதுபோல முதுகில் கட்டிக்கொண்டாள்.

சவப்பெட்டி மேட்டில் ஏறியது. விசென்டாவின் முதுகை முகர்ந்துகொண்டு பழுப்பு அல்பாக்கா பின்னாலேயே வந்தது. ஃபோர்துனாதோ கயிற்றைச் சுழற்றி விரட்டினான்.

"விடு, வரட்டும்" என்றாள் பாசிலியா.

குழியில் அன்செல்மோவின் கால்மாட்டில் குட்டியை வைத்தார்கள். மண் மூடியது. எல்லாரும் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இலை மென்றார்கள். அல்பாக்கா புது மண்மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. மடி கல்லாக இறுகிக் காம்பு புடைத்திருந்தது. பாசிலியா எழுந்துபோய் அதன் பக்கத்தில் மண்டியிட்டாள். விசென்டா வந்து அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பாசிலியா விரலிடுக்கில் காம்பை வைத்து, தரையில் பீய்ச்சினாள். புதுமண் பாலைச் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டது.