மேலாளர் எந்தக் குழுவில்?

அந்த அலுவலகத்தில் மொத்தம் பதினேழு குழுக்கள். யார் எதில் இருக்கிறார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பெயரைத் தட்டினால் குழுக்களைக் காட்டும் ஒரு பக்கம் வேண்டும் என்று மேலாளர் புரோகிராமர் பெண்ணிடம் சொல்லியிருந்தார். இரண்டே நாளில் முடித்துவிட்டு அவர் அறைக்கு வந்தாள்.

"நான் பெருசா எதுவும் எழுதல சார். சிஸ்டத்துக்குள்ளேயே ஒரு ஃபங்ஷன் இருக்கு. அதைக் கூப்பிட்டேன், அவ்வளவுதான்."

"ஃபங்ஷனா? என்னை யாரும் கூப்பிடவே இல்லையே!"

"அந்த ஃபங்ஷன் இல்ல சார். பேரைக் கொடுத்தா அவங்க எந்தெந்த டீம்ல இருக்காங்கன்னு எடுத்துக் கொடுக்கும்."

"அப்போ என் பேரைப் போடு."

போட்டாள். பட்டியல் காலி. கீழே, 'மொத்தம்: 0'.

"என்னம்மா, முட்டை போட்டிருக்கு?"

"நீங்க டீம்களுக்கு மேல இருக்கீங்க சார். எதுக்குள்ளயும் இல்ல. அது சரியாத்தான் சொல்லுது."

இருபத்திரண்டு வருடம் உழைத்த இடம். மதியமே மேலாளர் சோதனைக் குழுவிடம் போய், தன்னைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

"நீங்க உள்ள இருந்தா உங்களைப் பத்தி எப்படி சார் பேசுறது?" என்று ஒருவன் உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். வடிவமைப்புக் குழுவில் நாற்காலி இல்லை என்றார்கள். அவர் கண்ணெதிரே மூன்று காலியாக இருந்தன.

கடைசியில் மிஞ்சியது செடிப் பராமரிப்புக் குழு. அதில் இருந்தது தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் அம்மாள் ஒருத்திதான்.

"சேத்துக்கலாம். ஆனா நான் சொன்னபடி கேக்கணும். காலைல எட்டு மணிக்கு வரணும்."

"வந்துடுறேம்மா."

"போன் பேசிக்கிட்டே ஊத்தக் கூடாது."

"சத்தியமா மாட்டேன்."

மறுநாள் டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு முதல் தொட்டியிலேயே அரை வாளியைக் கவிழ்த்தார்.

"செடிக்கு நீச்சல் கத்துக் கொடுக்குறீங்களா?" என்று அவள் கத்தினாள். அவருக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் உள்ளுக்குள் என்னவோ குளிர்ந்தது. அவரை அங்கே யாரும் திட்டியே பல வருடம் ஆகியிருந்தது. பத்து மணிக்குத் தன் பெயரை மறுபடி தட்டியபோது திரையில் ஒரு வரி இருந்தது: செடிப் பராமரிப்புக் குழு, உறுப்பினர். அதை நாலைந்து முறை படித்தார்.

விஷயம் பரவிவிட்டது. மற்ற நான்கு மேலாளர்களும் தங்கள் பெயரைத் தட்டிப் பார்த்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள். அடுத்த நாள் காலை அம்மாள் வந்தபோது அந்த நால்வரும், அவர்களுக்குப் பின்னால் நிர்வாக இயக்குநரும் குழாயடியில் வரிசையாக நின்றார்கள்.

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "இருக்கிறதே பன்னிரண்டு தொட்டி. இத்தனை பேர் ஊத்தினா வேர் அழுகிடும். போய் அவங்கவங்க வேலையைப் பாருங்க."

யாரும் நகரவில்லை. இயக்குநர் தொண்டையைக் கனைத்தார்.

"இலை துடைக்கவாவது ஆள் வேணுமாம்மா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "துணி நீங்கதான் கொண்டு வரணும்."

இயக்குநர் சட்டென்று கைக்குட்டையை உருவினார்.